ஆறேகால் பவுன்

போன டிசம்பர், மதுரையில்
ஐந்தாம் கிரேடு தேர்வு.
வரிசையில் எனக்கு முன்னால் ஒரு பத்து வயசு,
பின்னால் ஒரு ஒன்பது.
எனக்கு முப்பத்தெட்டு.
உள்ளே நிஜப் பியானோ.
அழுத்தினேன். பாதிச் சுரங்கள் வாயே திறக்கவில்லை.
தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்:
"வீட்டில் எதில் வாசிக்கிறீர்கள்?"

வீட்டில் இருந்தது
ஃபேன் காற்றுக்கே இறங்கிவிடும் போன்ற கட்டைகள்.
அடியில் ஒரு சுருள்கம்பி நின்று
அழைக்காமல் வந்த விருந்தாளியைப்போல
விரலை வெளியே தள்ளும்.

அன்றிலிருந்து கணக்கு.
எண்பத்தெட்டுக் கட்டை, சுத்தியல் வைத்தது, புதுசு: முப்பத்தாறாயிரம்.
அறுபத்தொன்று, 'பாதி எடை' என்கிறார்கள்: பதினாறு.
பாதி எடை என்றால் என்ன?
நகைக்கடன் மேசையில் பதினொரு வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன்.
பாதி எடையுள்ள பொருள் எதையும்
இதுவரை எவரும் என் தட்டில் வைத்ததில்லை.
கையில் இருந்தது பத்தொன்பது.
அதற்குள் ஸ்டாண்டும் பெடலும் வரவேண்டும்.

தேவகோட்டையில் ஒருவர் விற்கிறார் என்றார்கள்.
சவரிராயன். மாதா கோயிலில் பூசைக்கு வாசித்தவர்.
சார்ஜாவில் ஏசி வேலை, புதன்கிழமை விமானம்.
ஞாயிறு மதியம் போனேன்.
பைக்குள் டிபன் டப்பா,
டப்பாவுக்குள் பஞ்சில் சுற்றிய எடைக்கற்கள்:
இருபது, இருபது, ஐந்து, இரண்டு, இரண்டு, ஒன்று.

கட்டிலில் நீளமாகக் கிடந்தது.
"போட்டுக் காட்ட முடியாதுக்கா,
லேப்டாப்ப நேத்தே வித்துட்டேன்."
பரவாயில்லை என்றேன்.
இதற்குள் பாட்டு எதுவும் கிடையாது.
வேறெங்கோ இருக்கும் ஓசைக்கு
இது வெறும் கை.

நடுக்கட்டையின் நுனியில் நாற்பது கிராம் வைத்தேன்.
அசையவில்லை.
ஐந்து. யோசித்தது.
இரண்டு, இரண்டு, ஒன்று;
கைப்பிடி பற்றிப் படியிறங்கும் கர்ப்பிணிபோல்
மெள்ள இறங்கியது.
ஐம்பது கிராம்.
ஆறேகால் பவுன்.

முந்தாநாள் பள்ளத்தூர்க்காரி ஒருத்தி
மகனின் கடைசி செமஸ்டருக்கென்று
கழற்றித் தந்த சங்கிலியும் அதே எடை.
நான் தட்டையே பார்த்தேன்.
அவள் கழுத்தைத் தடவிக்கொண்டாள்.

கல்லை எடுத்ததும் கட்டை தானே ஏறியது.
யாரும் தள்ளவில்லை.
இடது ஓரத்தில் ஒரு பவுன் கூட,
வலது ஓரத்தில் அரைப் பவுன் குறைய.
"ஆறு வருஷம் வாசிச்சிருக்கேன்,
இதுக்கு எடை உண்டுன்னு தோணவே இல்லக்கா."

ஒரு கருப்புக் கட்டை மட்டும்
கல்லை எடுத்த பிறகும் கீழேயே கிடந்தது.
அவர் ஒன்றும் சொல்லவில்லை.
கல் கழிவு போட்டுப் பழகிய வாய் என்னுடையது:
பதினெட்டில் ஆயிரத்து ஐந்நூறு கழித்தேன்.
தலையாட்டினார். பிறகு,
"ஒரு தடவ வாசிச்சுக்கிறேன்க்கா."

டொக், டொக், டொக்டொக்.
பிளாஸ்டிக்கில் விரல் விழும் சத்தம், அவ்வளவுதான்.
நடுவில் ஓரிடத்தில் கண்ணை மூடினார்.
எந்தப் பாட்டு என்று நான் கேட்கவில்லை.
கழித்ததில் ஐந்நூறைத் திருப்பிக் கட்டிலில் வைத்தேன்.

ரசீதில் என் பெயரை
'ஊமையாள்' என்று எழுதியிருந்தார்.
உமையாள் என்று திருத்தப் பேனாவைக் கேட்டேன்,
அது எழுதவில்லை.

காரைக்குடி பஸ்ஸில் கடைசி சீட்டு முழுக்க
போர்வை சுற்றிக் கிடத்தினோம்.
கண்டக்டர் தட்டிப் பார்த்தார்.
"பழைய கதவாம்மா? முனீஸ்வரன் கோயில் தெருக் கடைக்கா?"
இல்லை, பியானோ மாதிரி என்றேன்.
"மாதிரிக்கும் லக்கேஜ் உண்டு" என்று
இரண்டு டிக்கெட் கிழித்தார்.

இரவு பதினொன்று.
ஹெட்போன் காதில்.
கீழ்வீட்டு அருணாசலத்துக்குக் கேட்பது
யாரோ கத்தரிக்காய் நறுக்கும் சத்தம்.
எனக்கு மட்டும் கூடம் நிறைய மழை.

அந்தக் கருப்புக் கட்டை இன்னும் கீழேயே தங்கிவிடுகிறது.
ஒவ்வொரு தடவையும் நகத்தால் நெம்பி எடுக்கிறேன்.
இந்த டிசம்பருக்கு எடுத்திருக்கும் பாடத்தில்
அது பதினேழு இடத்தில் வருகிறது.
எண்ணிவிட்டேன்.